ஏரி தேறிய விதம்

குகட்பள்ளிப் பக்கத்து ஏரித் தண்ணீரை ஒரு டம்ளர் நிறைய, நாலு பேர் முன்னிலையில், விளக்கவுரையோடு குடித்தவன் நான். யாரும் கட்டாயப்படுத்தவில்லை. தாகமும் இல்லை. பட்டப்படிப்பு படித்துக்கொண்டிருந்தேன், அவ்வளவுதான்.

சுற்றுச்சூழல் அறிவியலில் பி.எஸ்ஸி. ஐதராபாத்தில் கல்யாணத் தரகர்கள்கூட ஜாவா என்ற சொல்லைச் சரளமாக உச்சரித்த காலம் அது. லாலாகுடா ரயில்வே குவார்ட்டர்ஸில் எங்கள் பக்கத்து வீட்டுக்காரர் 'என்விரான்மெண்ட்' என்பதும் ஏதோ கம்ப்யூட்டர் சமாசாரம்தான் என்று நினைத்து, "எப்போ சார் பையன் அமெரிக்கா போறான்?" என்று அப்பாவை விசாரிப்பார். ஒர்க்‌ஷாப்பில் ஃபிட்டராக இருந்த அப்பா, "பார்க்கலாம்" என்று பெருந்தன்மையாகச் சொல்லிவிட்டு உள்ளே வந்து என்னை முறைப்பார்.

வகுப்பில் தமிழ் பேசுகிறவர்கள் இரண்டே பேர், நானும் அவனும். அவன் குடும்பம் திருநெல்வேலியிலிருந்து வந்தது. குகட்பள்ளி ஹவுசிங் போர்டு காலனியில் வீடு. மற்றவர்கள் ஒவ்வொருவராக அமீர்பேட்டைக் கம்ப்யூட்டர் வகுப்புகளுக்கு நழுவத் தொடங்கியபோது, நாங்கள் கேண்டீனில் உட்கார்ந்து ஒரு சத்தியம் செய்துகொண்டோம். கம்ப்யூட்டர் பக்கம் தலைவைத்துப் படுப்பதில்லை. எம்.எஸ்ஸி நுழைவுத் தேர்வைச் சேர்ந்தே எழுதுவது. பிறகு இந்த ஊர் ஏரிகளைக் காப்பாற்றுவது. ஏரிகளை யாரும் கலந்தாலோசிக்கவில்லை.

கடைசி வருஷ ப்ராஜெக்டுக்கு அவன் வீட்டருகே இருந்த ஏரியை எடுத்துக்கொண்டோம். வாராவாரம் அதன் தண்ணீரில் எவ்வளவு பிராணவாயு கரைந்திருக்கிறது என்று அளக்க வேண்டும். கரையிலேயே சீசாவை நிரப்பி இரண்டு ரசாயனங்களை விட வேண்டும். பிராணவாயு இருந்தால் சீசாவுக்குள் பழுப்பாகத் திரியும். இல்லையென்றால் வெள்ளையாகவே கிடக்கும். மிச்சம் லேபில். முதல் இரண்டு வாரம் மூக்கைப் பொத்திக்கொண்டு சேர்ந்து போனோம். இரண்டு தடவையும் வெள்ளை. ஏரி செத்துப்போயிருந்தது.

மூன்றாம் வாரம் அவன் சொன்னான்: "நீ கைக்குடா லாலாகுடாவுலேர்ந்து ரெண்டு பஸ் மாறி வர்ற? ஏரி என் வீட்டுக்குப் பின்னாலதானே இருக்கு. நான் புடிச்சு, மருந்து விட்டுக் கொண்டாந்துர்றேன். நீ லேபைப் பாத்துக்க, ரிப்போர்ட் எழுது. உனக்குத்தான் இங்கிலீஷ் நல்லா வரும்."

'கைக்கு' என்றால் ஐதராபாத் உருதுவில் ஏன். அந்தக் கேள்வியை நான் அவனிடம் திருப்பிக் கேட்டிருக்க வேண்டும். கேட்கவில்லை. என் பஸ் பயணத்தின் மேல் ஒரு ஜீவனுக்கு இத்தனை அக்கறையா என்று நெகிழ்ந்துபோனேன். இங்கிலீஷைப் பற்றிச் சொன்னதையும் மறுக்கத் தோன்றவில்லை.

அந்த வாரச் சீசா பழுப்பாக வந்தது. அடுத்த வாரமும் பழுப்பு. ஏரி தேறிக்கொண்டிருந்தது! காரணம் கண்டுபிடிக்க வேண்டியது என் பொறுப்பாயிற்று, கண்டுபிடித்தேன். ஏரியை மூடிக் கிடந்த ஆகாயத்தாமரையின் வேர்கள் அழுக்கை உறிஞ்சித் தண்ணீருக்கு உயிர் கொடுக்கின்றன. பாடப்புத்தகம் நேர்மாறாகச் சொன்னது. பாடப்புத்தகம் எழுதியவர்கள் எங்கள் ஏரியைப் பார்த்ததில்லை என்று எழுதினேன். அப்போது நானும்தான் பார்த்துக்கொண்டிருக்கவில்லை. கேண்டீனில் அவனுக்கு அதை வாசித்துக் காட்டுவேன். சமோசாவைக் கடித்தபடி கவனமாகக் கேட்டு, "வேரைப் பத்தி இன்னும் ரெண்டு பாரா எழுதுடா, நல்லாருக்கு" என்பான்.

எங்களுக்கு வழிகாட்டியாக இருந்த மேடம் மாரெட்பள்ளிக்காரர். பல தலைமுறைக்கு முன்பே செகந்திராபாத்துக்கு வந்துவிட்ட தமிழ்க் கிறிஸ்தவக் குடும்பம். அட்டவணையைப் பார்த்தார், என்னைப் பார்த்தார். "ரொம்ப சுத்தமா இருக்கேப்பா" என்றார். பாராட்டு என்று எடுத்துக்கொண்டேன்.

வாய்மொழித் தேர்வன்று காட்சிக்கு வைக்க ஏரித் தண்ணீர் ஒரு சீசா கொண்டுவரும்படி அவனிடம் சொல்லியிருந்தேன். லேபிலிருந்த பழுப்புக் கண்ணாடிச் சீசாவில் கொண்டுவந்தான். வெளியிலிருந்து வந்த தேர்வாளர் என் ஆகாயத்தாமரைக் கொள்கையைக் கேட்டுவிட்டுச் சிரித்தபடி தெலுங்கில் கேட்டார், அவ்வளவு நல்ல தண்ணீர் என்றால் நீயே குடிப்பாயா என்று.

மேடத்தின் டீ டம்ளரைக் கழுவி அதில் ஊற்றினேன். லேசாகப் பச்சை ஓடியது. மீன் கூடை கழுவிய வாடை. மூக்கு ஒன்று சொன்னது, அட்டவணை வேறொன்று சொன்னது. படித்தவன் ஆகையால் அட்டவணையை நம்பினேன். டம்ளரைத் தூக்கியபோது பக்கத்தில் நின்றவன், "நக்கோ யார்" என்று முணுமுணுத்தான். அதே உருதுவில், வேண்டாம் நண்பா என்று அர்த்தம். தன்னடக்கம் என்று நினைத்துக்கொண்டு குடித்தேன்.

நல்ல மார்க் கிடைத்தது. இரண்டாம் நாள் ரயில்வே ஆஸ்பத்திரியில் படுக்கையும் கிடைத்தது. நுழைவுத் தேர்வு நடந்த ஞாயிற்றுக்கிழமை நான் குளுக்கோஸ் பாட்டிலைப் பார்த்துக்கொண்டு கிடந்தேன். போனால் போகிறது, நம்மில் ஒருவனாவது எழுதுகிறானே என்று அதையே மருந்தாக விழுங்கினேன்.

மறுநாள் அவன் அம்மா தூக்குவாளியில் கஞ்சி கொண்டுவந்தார்.

"என்னய்யா இப்படித் துரும்பா ஆயிட்டே! உனக்காகத்தான் ப்ராஜெக்டு காட்டுற அன்னைக்கு அவன் விடியுமுன்ன எந்திரிச்சு ஏரி வரைக்கும் நடந்து போனான், பாவம்."

"வாராவாரம் போறதுதானே ஆன்ட்டி?"

"எங்கய்யா போக? காலைல ஜாவா கிளாசுலா. நம்ம வீட்டுக் குழாயில புடிச்சுட்டு ஓடிருவான். அன்னைக்குன்னு பார்த்து தண்ணி வராத நாளு. டிரம்முல இருந்ததைக் கேட்டான், நான் தரமாட்டேன்னுட்டேன். அது குடிக்கிற தண்ணிலா."

தூக்குவாளியை மூடிவைத்தேன். பிறகு கேட்டேன், "பரீட்சை எப்படி எழுதினானாம்?"

"எந்தப் பரீட்சை? அவன் பெங்களூருக்குலா போயிருக்கான், வேலை கிடைச்சு. உன்ட்ட சொல்லலையா?"

ஏரி உயிர் பெற்ற வாரமும் ஜாவா வகுப்பு தொடங்கிய வாரமும் ஒன்று. அத்தனை மாதமும் நான் அளந்தது நகராட்சிக் குழாயை. அவன் கொண்டுவந்ததிலேயே ஒரே யோக்கியமான சீசா, நான் குடித்தது.

வகுப்புக்குப் போகிறேன் என்று அவன் சொல்லியிருந்தால் திட்டியிருப்பேன், பிறகு நானே ரெண்டு பஸ் மாறிப் போய்த் தண்ணீர் எடுத்திருப்பேன். வயிறு ஒரு வாரத்தில் சரியாகிவிட்டது. ஆனால் வேரைப் பற்றி இன்னும் ரெண்டு பாரா எழுதச் சொன்னானே, அது ஆறவில்லை. பெங்களூருக்கு எஸ்.டி.டி. போட்டு, "ஏன்டா சொல்லல?" என்று கத்தினேன்.

"சொன்னேனேடா" என்றான், உண்மையிலேயே மனம் நொந்து. "நக்கோன்னு."

அடுத்த வருஷம் நுழைவுத் தேர்வுக்கு விண்ணப்பிக்கவில்லை. அமீர்பேட்டையில் ஒரு வகுப்பில் சேர்ந்தேன். சத்தியத்தில் பாதி ஏற்கெனவே போயிருந்தது, மீதியை நான் மட்டும் வைத்துக்கொண்டு என்ன செய்வது?

பல வருஷம் கழித்து மாரெட்பள்ளி பேக்கரி ஒன்றில் மேடத்தைப் பார்த்தேன். கையில் பிளம் கேக்கோடு நின்றவரைப் பிடித்துவைத்து, நான் ஏமாற்றப்பட்ட கதை முழுவதையும் சொன்னேன். கடைசிவரை பொறுமையாகக் கேட்டார்.

"அடப் பாவி, அது நிஜமாவே ஏரித் தண்ணியா?" என்றார். "வருஷா வருஷம் பசங்க குழாயிலதான் புடிப்பாங்க. நீங்க ரெண்டு பேரும் சேர்ந்து பண்ணதுன்னுல்ல நான் நெனச்சேன்! குழாய்த் தண்ணியக் குடிச்சிட்டு மூஞ்சிய அப்படிச் சுளிச்சியேப்பா, அந்த நடிப்புக்குத்தான் ரெண்டு மார்க் கூடப் போடச் சொன்னேன்."