ஆறு வாரத்தில் கூட்டி வரச் சொன்னார்கள்

ஏழு மாதம் என் மகள் என் முன்னால் உட்காரவில்லை. நின்றுகொண்டே சாப்பிட்டாள். ஒருக்களித்துப் படுத்துக் குழந்தைக்குப் பால் கொடுத்தாள். நான் கூடத்துக்கு வந்தால் அவள் அறைக்குள் போய்விடுவாள். வீட்டில் நாங்கள் இரண்டு பேரும் ஒரு கைக்குழந்தையும்தான். அப்படியிருந்தும் அது எனக்கு நோயாகத் தெரியவில்லை. மரியாதைக் குறைவாகத் தெரிந்தது.

உங்களில் பலர் 2004-இல் நான் சபையில் சொன்ன சாட்சியைக் கேட்டவர்கள். அன்று பாதியை மறைத்தேன். மறைத்த பாதியை இப்போது எழுதுகிறேன். ஆண்டவர் என் ஜெபத்துக்குப் பதில் தந்தது அந்தப் பாதியில்தான்.

நான் முப்பத்து நான்கு ஆண்டுகள் பள்ளியில் உயிரியல் கற்பித்தவன். தாராபுரத்தில் வீடு. அப்போது என் மனைவி இறந்து மூன்று ஆண்டுகள் ஆகியிருந்தன. ஒரே மகள் எஸ்தர். மருமகன் சாமுவேல் திருப்பூரில் ஒரு பனியன் கம்பெனியில் கட்டிங் சூப்பர்வைசர். தலைப்பிரசவத்துக்கு மகள் தாய்வீட்டுக்கு வருவது வழக்கம். எஸ்தர் தாய் இல்லாத வீட்டுக்கு வந்தாள்.

ஆகஸ்ட் மாதம் ஒரு வியாழக்கிழமை காலையில் வலி எடுத்தது. மாலைவரை குழந்தை இறங்கவில்லை. மருத்துவர் அம்மா வெளியே வந்தார்.

"கொழந்தை பெருசுங்க சார். முகம் மேல பாத்தாப்பல இருக்குது. பொண்ணு முக்கி முக்கி ஓஞ்சு போச்சு. ஆபரேஷன் பண்ணிடலாமுங்க. அதுகிட்டக் கேட்டா, அப்பாகிட்டக் கேளுங்கன்னு சொல்லுது."

"கத்தி வைக்காமப் பாருங்கம்மா. சபையே ஜெபத்துல இருக்குது. இன்னொரு மணி நேரம் பாக்கலாமுங்க" என்றேன்.

ஆபரேஷன் என்பது விசுவாசக் குறைவு என்று வீட்டு ஜெபக் கூட்டங்களில் பேசித் திரிந்தவன் நான். என் வீட்டிலேயே அது நடந்தால் என் பேச்சு என்ன ஆவது என்றுதான் யோசித்தேன். உள்ளே கிடந்தவளைப் பற்றி யோசிக்கவில்லை. சாமுவேல் அப்போது பஸ்ஸில் வந்துகொண்டிருந்தான்.

முக்கால் மணி நேரத்தில் குழந்தையின் இதயத் துடிப்பு குறைந்தது. இனி ஆபரேஷனுக்கு நேரமில்லை என்று ஆயுதம் போட்டு எடுத்தார்கள். ஆண் குழந்தை. நாலு கிலோ. பிழைத்தான்.

பிறகு மருத்துவர் என்னைத் தனியாகக் கூப்பிட்டார்.

"கிழிசல் ஆழமாப் போயிருச்சுங்க சார். பின்னால மலத்தை அடக்குற தசை வரைக்கும். தையல் போட்டிருக்கறனுங்க. காய்ச்சலோ சீழோ வந்தா அன்னைக்கே வந்தரோணும். எப்படியும் ஆறு வாரத்துல கூட்டிட்டு வாங்க, அடக்க முடியுதான்னு பாக்கோணும். பொண்ணு இப்ப அரை மயக்கத்துல இருக்குது, நான் சொன்னது ஏறியிருக்காது. ஊட்டுல பொம்பளைங்க யாருங்க இருக்காங்க?"

"நான் மட்டுந்தானுங்க."

"அப்ப நீங்கதான் சொல்லோணும்."

எனக்குக் காது இரண்டும் சூடாகிவிட்டது. வகுப்பில் இனப்பெருக்கப் பாடம் வந்தால், "இதை வீட்டில் படித்துக்கொள்ளுங்கள்" என்று அத்தனை ஆண்டுகளும் பக்கத்தைத் தள்ளிவிட்ட வாத்தியார் நான். பெற்ற மகளிடம் அந்த வார்த்தைகளை எந்த வாயால் சொல்வது? வீட்டுக்கு அனுப்பும்போது எல்லாவற்றையும் சீட்டில் எழுதி என் கையில்தான் கொடுத்தார்கள். "மாத்திரைய நேரத்துக்குப் போடு கண்ணு" என்று மட்டும் சொல்லிவிட்டு, சீட்டை மேசை இழுப்பறையில் வைத்தேன். ஆறாவது வாரம் வந்தது. போனது.

அதற்குள் சபையில் சாட்சியும் சொல்லிவிட்டேன். "கத்தி படாமல், ஒரு குறையும் இல்லாமல், ஆண்டவர் என் மகளுக்குச் சுகப்பிரசவம் தந்தார்." நீங்கள் கைதட்டினீர்கள். எஸ்தர் கடைசி வரிசைக்குப் பின்னால் சுவரோரம் குழந்தையோடு நின்றிருந்தாள். உட்கார இடம் இருந்தது. அன்றைக்குப் பிறகு அவள் ஆராதனைக்கு வரவில்லை.

வீட்டில் துணி துவைத்துக்கொண்டே இருந்தாள். சோற்றைக் குறைத்தாள். யாராவது வந்தால் அறைக் கதவைச் சாத்திக்கொண்டாள். ஞாயிறுதோறும் வந்த சாமுவேல் ஒருநாள் என்னிடம், "மாமா, அவளுக்கு எம் மேல ஏதாச்சும் கோவமுங்களா? திருப்பூருக்கு வான்னா வாயே தொறக்க மாட்டேங்குறா" என்றான். அவன் முகத்தைப் பார்க்க எனக்கு அவமானமாக இருந்தது. அவன் போனதும் அறை வாசலில் நின்று கத்தினேன்.

"சாட்சி சொன்ன ஊட்டுல மூஞ்சிய இப்படித் தொங்கப் போட்டுட்டிருந்தா சபைல என்ன நெனப்பாங்க? கட்டுனவன் ஊட்டுக்குப் போறதுக்கு உனக்கு என்ன கேடு?"

அதன்பின் ஒரே கூரையின் கீழ் நாங்கள் பேசிக்கொண்டது குழந்தையிடம் மட்டும்தான்.

பக்கத்து வீட்டில் சரசு என்று ஒரு பெண். திருப்பூர் கம்பெனி ஒன்றில் பனியன் செக்கிங் வேலை, தினமும் கம்பெனி பஸ்ஸில் போய்வருவாள். மார்ச் மாதம் ஒரு சனிக்கிழமை மாலை, பெரிய மூட்டையோடு கேட்டைத் திறந்தாள். வெட்டி ஒதுக்கிய பனியன் துணி.

"ஏனுங் சார், உங்க பொண்ணு மாசாமாசம் இத்தன பனியன் வேஸ்ட் வாங்குதே, எதுக்குன்னு கேட்டீங்களா?"

"குழந்தைக்குத் துடைக்க இருக்கும்."

"ஆமாமா, ஆனைக்குட்டிய வளக்கறீங்களாட்ட இருக்குது." சிரித்தவள் உடனே நிறுத்திக்கொண்டாள். குரலைத் தாழ்த்தினாள். "வாத்தியாருக்கு நாந்தான் பாடஞ் சொல்லோணுமாட்டிருக்குது. பெத்தப்பக் கிழிஞ்சது கூடலீங்க சார். அதுக்கு வெளிக்கி அடக்க முடியறதில்ல. கேட்டா இல்லைங்குது. துவைக்கற துணியப் பாத்தா எனக்குத் தெரியாதுங்களா? பாவமுங்க. ஆரு இருக்கா அதுக்கு?"

மூட்டையை வைத்துவிட்டுப் போய்விட்டாள்.

நான் என் அறைக்குள் போய் முழங்காலிட்டேன். சபையில் தங்குதடையில்லாமல் ஜெபிக்கிறவன் என்று எனக்குப் பெயர் உண்டு. அன்று ஒரு வரிகூட வரவில்லை. மகளைச் சுகமாக்கும் என்று கேட்க எனக்குத் தைரியம் இல்லை. அதற்கு வழி சொன்ன சீட்டு ஏழு மாதமாக என் இழுப்பறையில் கிடந்தது. கடைசியில் கேட்டது இவ்வளவுதான்: "ஆண்டவரே, அவளிடம் சொல்ல என் வாயைத் திறந்துவிடும்."

எவ்வளவு நேரம் அப்படி இருந்தேன் என்று தெரியாது. எழுந்தபோது கால் மரத்திருந்தது. சீட்டை எடுத்துக்கொண்டு அவள் அறைக் கதவைத் தட்டினேன். அவள் ஜன்னலோரம் நின்றிருந்தாள்.

"கண்ணு, உனக்குப் பொறவால அடக்க முடியறதில்லையா?"

சொல்லிவிட்டேன். எனக்கே அது வேறு யாருடைய குரலோ போல இருந்தது.

அவள் சுவரைப் பிடித்துக்கொண்டாள். "ஆருங்கப்பா சொன்னாங்க?"

"டாக்டர் அன்னைக்கே சொன்னாங்க. ஆறு வாரத்துல கூட்டிட்டு வரச் சொன்னாங்க. வெக்கப்பட்டுக்கிட்டு நான் உங்கிட்டச் சொல்லலை." சீட்டை நீட்டினேன்.

அவள் அதை இரண்டு முறை படித்தாள். அழவில்லை. மெதுவாகச் சொன்னாள்: "ஒரு கொறையுமில்லாமக் குடுத்தாருன்னு சொன்னீங்களேப்பா. அப்பக் கொற எங்கிட்டத்தான்னு நெனச்சேன். நான் என்ன பாவம் பண்ணினேன்னே தெரியாம, ஏழு மாசமா ஆண்டவருகிட்ட மன்னிப்புக் கேட்டுட்டிருந்தனுங்கப்பா."

இன்றைக்கும் தனியாக இருக்கும்போது எனக்குக் கேட்பது அந்த வார்த்தைகள்தான்.

திங்கட்கிழமை சாமுவேலும் நாங்களும் அதே மருத்துவரிடம் போனோம். அவர் என்னைத் திட்டவில்லை. திட்டியிருக்கலாம். தையல் சீழ் பிடித்து விட்டுப்போயிருப்பதாகச் சொல்லி, கோயம்புத்தூரில் ஒரு அறுவை மருத்துவரிடம் அனுப்பினார். அந்த அறுவை மருத்துவர் எஸ்தருக்குப் பொறுமையாக விளக்கினார். முதல் பிரசவம், பெரிய குழந்தை, மேலே பார்த்த முகம், நெடுநேரம் முக்கியது, ஆயுதம் போட்டது, இவை சேர்ந்தால் கிழிசல் ஆழமாகிற ஆபத்து அதிகம். இதில் எதுவுமே இல்லாதவர்களுக்கும் அது நேரலாம். "உங்க தப்பு ஒண்ணுமில்லம்மா" என்றார்.

"இன்னொருக்காச் சொல்லுங்க டாக்டர்" என்றாள் எஸ்தர். அவர் மறுபடி சொன்னார்.

மே மாதம் தசையைச் சேர்த்துத் தைத்தார்கள். சாமுவேல் அவள் பக்கத்தில் இருந்தான். நான் வராந்தாவில் இருந்தேன். உள்ளே வா என்று யாரும் கூப்பிடவில்லை, நானும் கேட்கவில்லை. பல வாரங்கள் இளகிய உணவு, பிறகு திருப்பூரில் அவன் வீட்டில் மாதக்கணக்கில் தசையை இறுக்கி விடும் பயிற்சி. அக்டோபரில் சாமுவேல் போன் செய்தான். "மாமா, நேத்து ரெண்டு பேரும் பஸ்ல உக்காந்து அவிநாசி வரைக்கும் போய்ட்டு வந்தோமுங்க." நான் போனை வைத்துவிட்டுத் தரையில் விழுந்து ஆண்டவருக்கு நன்றி சொன்னேன். முழுக்கச் சரியாகிவிட்டது என்று எழுத மாட்டேன். காற்றை இன்றும் சில நேரம் அடக்க முடிவதில்லை என்கிறாள். ஆனால் வெளியே போகிறாள், வேலைக்குப் போகிறாள், ஆராதனையில் உட்காருகிறாள்.

இரண்டாவது குழந்தை 2008-இல் பிறந்தது. முன்கூட்டியே முடிவு செய்த ஆபரேஷன். அதற்கு அவள் என் வீட்டுக்கு வரவில்லை, மாமியார் வீட்டில் இருந்தாள். என்னிடம் எதுவும் கேட்கவில்லை. அது நியாயம். வாரம் ஒருமுறை போனில், "சாப்பிட்டீங்களாப்பா?" என்று கேட்பாள். அதற்குமேல் எங்கள் பேச்சு நீளுவதில்லை. வீடு அமைதியாக இருக்கிறது. இந்த அமைதியை உண்டாக்கியவன் நான்தான். இப்போது வீட்டுக் கூட்டங்களில் நான் யாருடைய விசுவாசத்தையும் அளந்து பேசுவதில்லை. வாயும் வயிறுமாய் இருக்கிற பெண்கள் வந்தால், டாக்டர் சொன்னதைக் கேளுங்கள் என்று மட்டும் சொல்கிறேன்.

இதை எழுதலாமா என்று போன மாதம் அவளிடம் கேட்டேன்.

"எழுதுங்கப்பா. எம் பேரப் போட்டே எழுதுங்க. ஆராச்சும் பொண்ணுங்க கேட்டா, நான் பேசறன்."

அன்பானவர்களே, உங்கள் வீட்டில் பிள்ளை பெற்றவள் உட்காராமல் இருந்தால், சோற்றைக் குறைத்தால், கதவைச் சாத்திக்கொண்டால், அவளிடம் கேளுங்கள். மருத்துவரிடம் கூட்டிப் போங்கள். ஆண்கள் கேட்கக் கூடாது என்று ஒதுங்காதீர்கள். கேட்பதற்கு வேறு யாருமே இல்லாத வீடும் உண்டு. வார்த்தை வரவில்லை என்றால் அந்த வார்த்தைக்காகவே முழங்காலிடுங்கள். இன்று எழுபத்தோரு வயதாகும் இந்தக் கோழைக்கு அன்று அதைக் கொடுத்தவர் உங்களுக்கும் கொடுப்பார். எனக்குக் கொடுத்தபோது ஏழு மாதம் பிந்தியிருந்தது. அந்தத் தாமதம் அவருடையது அல்ல.