பெருமாள் பெயரில் விற்ற ஊதுபத்தி

இதை எழுதலாமா வேண்டாமா என்று பல வருஷம் தள்ளிப்போட்டேன். எதிராளி ஊரே கும்பிடுகிற பாடகர். நானோ எட்டாம் வகுப்பைத் தாண்டாதவன். வாயைத் திறந்தால் வயிற்றெரிச்சல் என்பார்கள். பேனாவை எடுப்பேன், மூடி வைத்துவிடுவேன்.

அறுபதுகளில் திருவள்ளூர்க் கோயில் தெருவில் எங்கள் ஊதுபத்திக் கடை இருந்தது. நானும் வீட்டுக்காரியும் வீட்டிலேயே உருட்டிக் காயவைப்போம். அமாவாசைக்குக் குளத்தில் முழுகி வெல்லம் கரைக்க வருகிற ஜனம் ஈரத்துணியோடு வந்து வாங்கும். மற்ற நாளில் சைக்கிளில் கட்டிக்கொண்டு ஊத்துக்கோட்டை சந்தைக்குப் போவேன். லேபிளில் எங்கள் பெருமாளின் பெயரைப் போட்டிருந்தோம். எங்கள் ஊரில் தெருவுக்கு நாலு பேருக்கு அதுதான் பெயர். வேண்டிக்கொண்டு பெற்ற பிள்ளையான எனக்கும் அதே.

அந்தப் பாடகருக்கும் அதே பெயர்தான். அவருடைய பாசுர இசைத்தட்டு கோயில் ஒலிபெருக்கியில் பாடும்போது, வீட்டுக்காரி உருட்டுகிற கையை நிறுத்திக் கன்னத்தில் போட்டுக்கொள்வாள்.

எழுபதுகளில் பட்டணத்துக் கம்பெனி ஒன்று அவருடைய பெயரையும் படத்தையும் போட்டு ஊதுபத்தி விற்கத் தொடங்கியது. கும்மிடிப்பூண்டிப் பக்கம் பெரிய கொட்டகை போட்டு, ஆட்களை வைத்து உருட்டினார்கள். கொஞ்ச நாளில் எனக்கு இங்கிலீஷில் வக்கீல் நோட்டீஸ் வந்தது. எதிர்வீட்டு வாத்தியார் படித்துச் சொன்னார்: பாடகரின் பெயரைத் திருடி நான் வியாபாரம் செய்கிறேனாம்.

"இன்னாங்க அநியாயம் இது! பெருமாளு இன்னா அவுரு ஊட்டுப் பத்திரத்துலயா கீறாரு?" என்றாள் வீட்டுக்காரி.

டீக்கடைக்காரர் சிரித்தார். "நைனா, அடுத்த நோட்டீசு சன்னதிக்குத்தான் வரும். கையெழுத்துப் போட்டு வாங்கிக்கச் சொல்லு!"

பேசித் தீர்க்கலாம் வா, பாடகரும் வருகிறார் என்று கம்பெனி வக்கீல் கூப்பிட்டு அனுப்பினார். எனக்கென்று வக்கீல் வைக்கவில்லை. பாசுரம் பாடுகிறவர் எதிரில் இருக்கும்போது எதற்கு என்று நினைத்தேன். வக்கீல் ஆபீசில் பாடகர் பளிச்சென்று நாமம் போட்டு உட்கார்ந்திருந்தார். காலில் விழுந்தேன்.

வக்கீல் ஒரே கேள்விதான் கேட்டார். "லேபிள்ல இருக்கிற பேரு உன்னுதாய்யா?"

எங்கள் குடும்பத்தில் ஒரு வழக்கம். பெருமாளுடையது எதையும் 'என்னுது' என்று சொல்லமாட்டோம். கடையைக்கூட 'அவர் கடை' என்றுதான் சொல்வோம். அவர் பெயரைப் போய் என்னுடையது என்பதா? நாக்கு எழவில்லை.

"என்னுது இல்லீங்க, பெருமாளுது. அடியேன் வேலைக்காரன்" என்றேன்.

வக்கீல் குமாஸ்தாவைப் பார்த்தார். "பேரு தன்னுது இல்லேன்னு அவரே ஒத்துக்கிட்டாரு. டைப் அடி."

"சாமி, நீங்களாவது சொல்லுங்க! உங்க பேரும் அவுருதுதானே?" என்று பாடகரிடம் கெஞ்சினேன்.

அவர் கடிகாரத்தைப் பார்த்தார். "கச்சேரிக்கு நேரமாச்சு. எல்லாம் வக்கீல் பாத்துக்குவாரு."

நான் சொன்னதைத்தானே எழுதியிருக்கிறார்கள் என்று கையெழுத்துப் போட்டேன். இனி அந்தப் பெயரை நான் எதிலும் போடமாட்டேன் என்றும் அதில் இருந்ததாம். ஊருக்கு வந்து நகலைக் காட்டியபோது வாத்தியார் சொல்லித்தான் தெரியும்.

"என்னுதுன்னு ஒரு வார்த்த சொல்லியிருந்தா நாக்கு வெந்தா பூடும்?" என்று வீட்டுக்காரி அழுதாள். பிறகு அவளே ஈரத்துணி வைத்து ஒவ்வொரு கட்டிலிருந்தும் லேபிளை உரித்தாள். பெயரில்லாத பத்தியைச் சந்தையில் யாரும் தொடவில்லை. "இன்னாபா, டூப்ளிகேட்டா?" என்று கேட்டார்கள். கடையை மூடினோம். பிழைப்புக்குக் கும்மிடிப்பூண்டிக்கே குடிபோனோம். அந்தக் கம்பெனிக் கொட்டகையில் அவள் பத்தி உருட்டினாள். நான் பெட்டி சுமந்தேன். பெட்டிக்குப் பெட்டி பாடகர் சிரித்துக்கொண்டிருந்தார்.

அதையும் பெருமாள் விட்ட வழி என்று பொறுத்தேன். பொறுக்க முடியாதது வேறு. போன உற்சவத்துக்குத் திருவள்ளூர் போனபோது, எங்கள் தெருப் பையன் ஒருவன் இன்னொருவனிடம் என்னைக் காட்டி, "பெருமாள் பேரயே துட்டுக்கு வித்தவரு இவருதான்" என்றான். கம்பெனியிடம் காசு வாங்கிக்கொண்டுதான் நான் கையெழுத்துப் போட்டேன் என்று ஊரில் பேச்சாம்.

அதனால்தான் எழுதிவிட்டேன். இதைப் படிக்கிறவர்கள் நாலு பேரிடம் சொல்லுங்கள். நடந்தபடியே சொல்லுங்கள். பாடகரை இதைவிடக் கெட்டவராக்க வேண்டாம். என்மேல் இரக்கப்பட்டு, நான் எதிர்த்து வாதாடியதாகவும் சேர்க்க வேண்டாம். அந்தப் பெயரை நான் விற்கவில்லை. என்னுடையது என்று சொல்லவில்லை, அவ்வளவுதான்.