அந்த ஒயரில் பழுதில்லை

கரண்ட் ஐயாவின் மனைவி தையல் மிஷினை நிறுத்திவிட்டு, போனைக் கண்ணுக்குப் பக்கத்தில் பிடித்து வாசித்தாள். நெடுந்தூர சைக்கிள் சங்கத்தின் குரூப்பில் செயலாளர் போட்டிருந்த அறிவிப்பு அது.

"சென்ற மாதம் நடந்த அறுநூறு கிலோமீட்டர் பயணத்தில், தரமற்ற ஒயரிங் காரணமாக நம் உறுப்பினர் ஒருவரின் ஜிபிஎஸ் கருவி வழியில் அணைந்துபோனது. ஆகவே வரும் சனிக்கிழமை புறப்படும் ஆயிரம் கிலோமீட்டர் பயணத்தில், கரண்ட் ஐயா ஒயரிங் செய்த சைக்கிள்களுக்கு அனுமதி இல்லை."

"இன்னொரு தடவை வாசி."

"எத்தனை தடவை வாசிச்சாலும் அதேதாங்க இருக்கு."

"தரமற்றன்னா போட்டிருக்கான்?"

"ஆமா. உங்க பேரோட போட்டிருக்கான்."

கரண்ட் ஐயா கையிலிருந்த, ஈயம் உருக்கி ஒயர் ஒட்டும் சால்டரிங் அயர்னை அதன் ஸ்டாண்டில் செருகினார். செருகிய வேகத்தில் ஸ்டாண்டே ஆடியது. அந்த குரூப்பில் முந்நூற்று நாற்பது பேர். முந்நூற்று நாற்பது பேருக்கு முன்னால் அவர் கைவேலையைத் தரம் கெட்டது என்று ஒருவன் எழுதியிருக்கிறான், ஒரு வார்த்தை கேட்காமல்!

அவர் யாரென்று தெரிந்து எழுதினானா, தெரியாமல் எழுதினானா? பள்ளிக்கூடம் அவருக்கு நான்காம் வகுப்போடு சரி. லாரி பேட்டரிக் கடையில் ஆசிட் வாளி சுமந்தார், ரேடியோவைப் பிரித்தார், டிவியைப் பிரித்தார், போனைப் பிரித்தார். பிரித்த எதையும் திரும்பச் சேர்க்காமல் விட்டதில்லை. மிஷின் மோட்டாரைப் பழுதுபார்க்கக் கொண்டுவந்த தையல்காரியையே கட்டிக்கொண்டார். பன்னிரண்டு வருடத்துக்கு முன்னால் ஒரு சைக்கிள்காரர் எரியாத விளக்கோடு கடைக்கு வந்தபோதுதான், முன்சக்கரத்தின் அச்சுக்குள்ளேயே டைனமோ வைத்து ஒருவன் செய்திருக்கிறான் என்பதைப் பார்த்தார். சக்கரம் சுற்றச் சுற்றக் கரண்ட். அன்றைக்கே அதையும் பிரித்துவிட்டார்.

அதிலிருந்து இருநூற்றுப் பதினான்கு சைக்கிள். விளக்குக்கு ஒரு ஒயர், ஜிபிஎஸ்ஸுக்கு ஒரு ஒயர். நாற்பது மணி நேரம் ஓயாமல் மிதிக்கிறவனுக்குக் கைப்பிடியில் இருக்கும் அந்தச் சின்னத் திரைதான் கண். வழி காட்டுவதும் அது, வந்த தடத்தைப் பதிந்து வைப்பதும் அது. அந்தப் பதிவைக் காட்டினால்தான் சங்கம் பயணத்தை ஏற்கும். அவர் சால்டர் வைத்த இணைப்பு இதுவரை ஒன்றுகூட விட்டதில்லை. பெருமைக்குச் சொல்வதல்ல. பெருமைக்கே சொன்னாலும் தப்பில்லை.

செயலாளருக்குப் போன் போட்டார்.

"பெரியவரே, இது கமிட்டி முடிவு. நான் ஒண்ணும் செய்ய முடியாது."

"கமிட்டியில எத்தனை பேருக்கு சால்டர் வைக்கத் தெரியும்?"

"அது விஷயமில்லீங்க. நம்ம உறுப்பினர் பல் டாக்டர் மலையேறும்போது கருவி ஆஃப் ஆயிடுச்சு. வழி தெரியாம இருபத்தேழு கிலோமீட்டர் தப்பான ரோட்டுல போயிட்டாரு. நேரமும் போச்சு, பதிவும் போச்சு. ஒரு வருஷமா பயிற்சி எடுத்த மனுஷன், ரோட்டோரமா உக்காந்து அழுதிருக்காரு."

"அழுதாரா? சரி. நான் அழுதா நீங்க என்ன போடுவீங்க குரூப்புல?"

"சனிக்கிழமை காலையில ஷட்டில் கோர்ட்டுல சைக்கிள் சோதனை இருக்கு. அவர் வருவாரு, வந்து பாருங்க. சண்டை மட்டும் வேணாம்."

"சண்டைக்கு நான் எதுக்குங்க வரேன்? என் ஒயரைப் பாக்க வரேன்."

சொன்னாரே ஒழிய, அந்த மூன்று நாளும் வீட்டில் சண்டைதான். சோறு ஆறிப்போனதற்குச் சண்டை, மின்விசிறி சத்தத்துக்குச் சண்டை. "அந்த ஆள்மேல இருக்கிற கோவத்தை என் மிஷின்மேல காட்டாதீங்க," என்றாள் மனைவி. சைக்கிள் சட்டத்தின் நடுவில் கட்டும் பைகளைத் தைப்பவள் அவள். பேட்டரி வைக்கப் பைக்குள் ஒரு பாக்கெட், ஒயருக்கு ஒரு துளை என்று அவர் வேலைக்கு அளவெடுத்தே தைப்பாள். ஒயர் போனால் பையும் போகும். அது அவளுக்கும் தெரியும்.

சனிக்கிழமை காலை இருவரும் போனார்கள். ஷட்டில் கோர்ட்டில் நாற்பது சைக்கிள், சாய்ந்தும் நிமிர்ந்தும். மதியம் புறப்பாடு. வாசலிலேயே கரண்ட் ஐயாவின் கால் நின்றுவிட்டது. அவர் ஒயரிங் செய்த சைக்கிள் ஒன்று; விளக்குக்குப் போகும் ஒயரைக் கட்டிங் பிளேயரால் நறுக்கி, முனைக்குக்கூட டேப் சுற்றாமல் தொங்கவிட்டிருந்தார்கள். பக்கத்தில் இன்னொன்றும் அப்படியே. தன்னைத் திட்டியிருந்தால்கூட அவ்வளவு எரிந்திருக்காது.

"கழட்டத் தெரியாதவன்தான் வெட்டுவான்," என்றார், கோர்ட் முழுக்கக் கேட்கும்படி. "ரெண்டு ஸ்க்ரூ! ரெண்டே ரெண்டு ஸ்க்ரூ கழட்டினா முழுசா வந்திருக்கும்!"

"ஐயா, அனுமதி இல்லைன்னு போட்டுட்டாங்க, அதான் அவசரத்துல..." என்று அந்த சைக்கிளின் சொந்தக்காரர் இழுத்தார்.

பல் டாக்டர் வந்தார். நல்ல மனுஷன்தான், சிரித்த முகம். கரண்ட் ஐயாவைப் பார்த்ததும் அந்தச் சிரிப்பு பாதியில் நின்றது. சோதனையில் காட்டுவதற்காக அவர் சைக்கிளில் பழைய ஒயரிங்கைக் கழற்றாமல் வைத்திருந்தார். ஜிபிஎஸ்ஸுக்கு மட்டும் இரண்டு பெரிய பவர் பேங்க் வாங்கிக் கட்டியிருந்தார்.

கரண்ட் ஐயா குனிந்து ஒவ்வொரு இணைப்பாகப் பிடித்து இழுத்தார். ஒன்றும் அசையவில்லை. ஜிபிஎஸ்ஸைத் தன் ஒயரில் மாட்டி, முன்சக்கரத்தைத் தூக்கிப் பிடிக்கச் சொல்லி, கையால் வேகமாகச் சுற்றினார். திரையில் சார்ஜ் ஏறும் குறி வந்தது.

"வருதா? கண்ணால பாத்துக்குங்க."

"இப்ப வருது பெரியவரே," என்றார் செயலாளர். "அன்னிக்கு வரலையே. இஷ்டப்பட்டா வரும், இஷ்டமில்லேன்னா வராதுங்கிறதைத்தானே தரமில்லைன்னு சொல்றோம்?"

நாலு பேர் தலையாட்டினார்கள். கரண்ட் ஐயாவுக்குக் காது மடல் சூடேறியது. வாய் திறந்தால் என்ன வருமென்று அவருக்கே தெரியாத நேரம் அது.

அப்போதுதான் மனைவி, தான் தைத்த பையை வெளியிலிருந்து அழுத்திப் பார்த்தாள். "ஏங்க, இந்த உள்பாக்கெட் ஏன் தட்டையா கிடக்கு?"

கரண்ட் ஐயா ஜிப்பைத் திறந்தார். உள்ளே தீப்பெட்டி அளவில் ஒரு சின்ன பேட்டரிப் பெட்டி இருக்க வேண்டும். இல்லை. இரண்டு ஒயரையும் நேராக இணைத்து, மேலே டேப் சுற்றியிருந்தது.

"பெட்டி எங்க?"

பல் டாக்டர் தொண்டையைச் செருமினார். "அது... எடை குறைக்கலாம்னு எடுத்துட்டேங்க. எண்பது கிராம் இருந்தது."

"எண்பது கிராமா?"

"மலையேறும்போது ஒவ்வொரு கிராமும் கணக்குங்க. எல்லாரும் அப்படித்தான் குறைப்போம். நான் பல்லு தேய்க்கிற பிரஷ்ஷோட கைப்பிடியைக்கூட பாதி அறுத்துட்டுதான் எடுத்துட்டுப் போவேன்."

கரண்ட் ஐயா சக்கரத்தை மறுபடி சுற்றினார். இந்த முறை மெதுவாக, மலையில் ஏறுகிறவன் மூச்சு வாங்கிக்கொண்டு மிதிக்கும் வேகத்தில். சார்ஜ் குறி மறைந்தது. 'வெளி மின்சாரம் நின்றுவிட்டது, அணைக்கவா?' என்று திரை கேட்டது. யாரும் தொடவில்லை.

"எண்ணுங்க," என்றார் செயலாளரிடம். "வாய்விட்டு எண்ணுங்க."

செயலாளர் பதினைந்து எண்ணியபோது திரை கறுத்தது.

கரண்ட் ஐயா சட்டைப் பையில் எப்போதும் சார்ஜ் ஏற்றி வைத்திருக்கும் புதிய பெட்டி ஒன்றை எடுத்து நடுவில் மாட்டினார். ஜிபிஎஸ்ஸை ஆன் செய்து, சக்கரத்தை மெதுவாகச் சுற்றினார். பிறகு கையை வைத்து அடியோடு நிறுத்தினார். மறுபடி எண்ணச் சொன்னார். செயலாளர் முப்பதைத் தாண்டியும் எண்ணிக்கொண்டிருந்தார். திரை எரிந்தபடியே இருந்தது.

"வேகம் குறைஞ்சா டைனமோவுல கரண்ட் குறையும். உங்க கருவி அதைப் பாத்து, கரண்டே போச்சுன்னு கடையை மூடிடும். அது மூடாம இருக்கத்தான் நடுவுல இந்தப் பெட்டி. சரிவுல இறங்கும்போது வாங்கி வெச்சுக்கும், ஏத்தத்துல குடுக்கும். எண்பது கிராம் பாரம்னு இதைத் தூக்கிப் போட்டீங்க. இப்ப என்ன கட்டியிருக்கீங்க? அந்த ரெண்டு பவர் பேங்க்கும் அரை கிலோ வராது?"

யாரோ சிரித்தார்கள். பல் டாக்டரின் முகம் சிவந்தது. ஆனால் அவரும் விடவில்லை.

"நான் எடுத்தது தப்புதாங்க, ஒத்துக்கறேன். ஆனா அந்தப் பெட்டி எதுக்குன்னு நீங்க எங்கிட்ட சொல்லவே இல்லையே? நான் கேட்டப்போ, 'இருக்கிறது இருக்கட்டும், தொடாதீங்க'ன்னுதானே சொன்னீங்க?"

"ஏன், நீங்க பல்லைப் புடுங்கும்போது எங்கிட்ட விளக்கம் சொல்லிட்டா புடுங்குறீங்க?"

"சொல்லிட்டுத்தாங்க புடுங்குறேன். படமே காட்டுவேன்."

இந்த முறை எல்லோரும் சிரித்தார்கள். மனைவியும் சிரித்தாள். முந்தானையால் வாயை மூடிக்கொண்டாலும் தோள் குலுங்கியது அவருக்குத் தெரிந்தது.

டாக்டர் சொன்னது நிஜம் என்று கரண்ட் ஐயாவுக்குத் தெரியும். இருநூற்றுப் பதினான்கு பேரில் ஒருவரிடம்கூட அந்தப் பெட்டியைப் பற்றி அவர் வாய் திறந்ததில்லை. சொன்னால் தொழில் போய்விடுமென்று அல்ல. கேட்டவர்களெல்லாம் படித்தவர்கள், நான்காம் வகுப்புக்காரன் விளக்கம் சொன்னால் நடுவில் புகுந்து திருத்துவார்கள் என்று ஒரு கூச்சம். அதை அங்கே சொல்லவில்லை. அவர் என்றைக்கும் யாரிடமும் சொல்ல மாட்டார்.

செயலாளர் அவர் தோளில் கை வைத்தார். "விடுங்க பெரியவரே. அந்த அறிவிப்பை நான் சத்தமில்லாம அழிச்சுடறேன்."

"சத்தமில்லாமலா?" அடங்கிய கோபம் மறுபடி தலைக்கேறியது. "போடும்போது முந்நூத்தி நாப்பது பேருக்குப் போட்டீங்க. அதைப் பாத்துட்டு அங்க ரெண்டு பேரு என் ஒயரை வெட்டி வெச்சிருக்காங்க. அழிச்சா அந்த ஒயர் ஒட்டிக்குமா? எங்க எழுதுனீங்களோ அங்கயே எழுதுங்க. இப்பவே, என் கண்ணு முன்னால."

செயலாளர் சுற்றிலும் பார்த்தார். ஒருவரும் அவருக்கு உதவிக்கு வரவில்லை. போனை எடுத்தார்.

"'ஒரு சிறிய புரிதல் பிழை காரணமாக'ன்னு ஆரம்பிக்கவா?"

"பிழை யாரோடதுன்னு இல்லாம அதென்ன ஊர்ப் பொதுப் பிழை? 'கரண்ட் ஐயா ஒயரில் பழுதில்லை. விசாரிக்காமல் எழுதியது எங்கள் தவறு. அவர் ஒயரிங் செய்த சைக்கிள்களுக்கு அனுமதி உண்டு.' இதை எழுதுங்க."

செயலாளர் எழுதினார். பல் டாக்டர் எட்டிப் பார்த்து, "அந்தப் பெட்டி எதுக்குன்னும் ஒரு வரி போட்டா நல்லா இருக்கும் ஐயா. என்னை மாதிரி இன்னும் எத்தனை பேரு கழட்டி வெச்சிருக்காங்களோ," என்றார்.

கோர்ட்டின் கோடியில் நின்ற இரண்டு மூன்று பேர் அவசரமாகத் தங்கள் பைகளின் ஜிப்பைத் திறந்து பார்த்துக்கொண்டிருந்தார்கள்.

கரண்ட் ஐயா மனைவியைப் பார்த்தார். அவள், சொல்லுங்களேன் என்பது போலத் தலையை ஆட்டினாள்.

"போடுங்க," என்றார். "நான் சொல்றேன், நீங்க எழுதுங்க. ஆனா அது கடைசி வரியா வரணும். முதல் வரி என் ஒயர்தான்."