ஆமை பிறாண்டும் சத்தம்

எங்கள் வீட்டு ஆமை நடனமாடுகிறது என்று முதலில் கண்டுபிடித்தவள் என் மகள். கண்ணாடித் தொட்டியில் ஒரு பக்கமாகச் சாய்ந்து, ஓட்டின் வலது விளிம்பு தண்ணீருக்கு மேலே தெரிய, அது வட்டம் வட்டமாகச் சுற்றிக்கொண்டிருந்தது. “தானிகி டான்ஸ் ஒச்சும்மா!” என்று கைதட்டினாள்; அதற்கு ஆடத் தெரியுமாம். நாங்கள் மதுரையிலிருந்து செகந்திராபாத்தின் ஏ.எஸ்.ராவ் நகருக்கு வந்தபோது அவள் மழலை. இப்போது தமிழில் கேட்டால் தெலுங்கில்தான் பதில் வரும். என் கணவர் உடனே செல்போனை எடுத்து அந்த ஆட்டத்தைப் படம்பிடித்து, ஊரிலிருக்கும் சொந்தக்காரர்களின் வாட்ஸ்அப் குழுவில் போட்டார். இதயங்கள் வந்து குவிந்தன. நாத்தனார் அதற்கு ஒரு குத்துப்பாட்டைச் சேர்த்துத் திருப்பி அனுப்பினார்.

எனக்கு மட்டும் சிரிப்பு வரவில்லை. நான் சும்மா இருக்கத் தெரியாதவள். வீட்டில் எல்லாரும் சிரித்தால் எனக்குச் சந்தேகம் வந்துவிடும். தொட்டி வேறு என் அலுவலக மேசைக்குப் பக்கத்திலேயே இருந்தது. வெயில் ஏறியதும், பாவம், கூடத்தில் கிடந்தால் வெந்துவிடும் என்று எல்லாரும் சேர்ந்துதான் அதை என் அறைக்குத் தூக்கி வந்தோம். வீட்டில் ஏசி உள்ள அறை அது ஒன்றுதான்.

வந்த புதிதில் அது என்னைப் படுத்தாத பாடில்லை. பகல் முழுவதும் கண்ணாடியைப் பிறாண்டும். ஒருமுறை அலுவலகக் கூட்டத்தின் நடுவே, “உங்க வீட்ல எலி இருக்கா?” என்று ஒருவர் கேட்டு என் மானத்தை வாங்கினார். “சனியனே, கொஞ்ச நேரம் சும்மா இரேன்” என்று நான் அதைத் திட்டாத நாளே கிடையாது. பிறகு ஒரு நாள் அது சும்மா இருந்தது. நிம்மதியாக வேலை பார்த்தேன். அந்த நிம்மதியும் இந்த நடனமும் ஒரே வாரத்தில் வந்தவை என்பது அப்புறம்தான் உறைத்தது.

உறைத்த பிறகு கண்ணை எடுக்க முடியவில்லை. வழக்கமாகப் பாய்ந்து வந்து கவ்வும் காய்ந்த இறாலை ஆமை திரும்பிக்கூடப் பார்க்கவில்லை. மூக்கு நுனியில் சோப்பு நுரைபோலச் சின்னக் குமிழிகள். கழுத்தை நீட்டி வாயைத் திறந்து மூடும்போது மெல்ல ‘டிக்’ என்றொரு சத்தம். தண்ணீருக்கு அடியில் போகப் பார்க்கும், முடியாமல் மேலே வந்து மறுபடி சாயும்.

“ஏங்க, இது ஆடலைங்க. முங்க முடியாமத் தவிக்குது.”

“நீ ஒருத்தி, எதையெடுத்தாலும் பதறிக்கிட்டு. பாத்துக்கிருவோம் விடு.”

பாத்துக்கிருவோம். ஒழுகும் குழாய்க்கும் அதுதான், என் அம்மாவின் முழங்கால் வலிக்கும் அதுதான். எனக்குக் கோபம் தலைக்கேறிவிட்டது. அன்றைக்கு விடுப்புச் சொல்லிவிட்டு, ஓட்டை போட்ட பிளாஸ்டிக் டப்பாவில் ஈரத்துணி விரித்து ஆமையை வைத்தேன். பக்கத்துத் தெரு கால்நடை மருத்துவமனையில், நாய் பூனை தவிர வேறெதையும் பார்ப்பதில்லை என்று வாசலிலேயே திருப்பி அனுப்பினார்கள். திருமுல்கேரியில் ஒரு டாக்டரம்மா பறவை, ஆமையெல்லாம் பார்ப்பார் என்று அங்கேயே ஒருவர் சொன்னார். மகளையும் டப்பாவையும் ஆட்டோவில் ஏற்றிக்கொண்டு அப்படியே போனேன்.

டாக்டர், பல தலைமுறைகளாகச் செகந்திராபாத்தில் இருக்கும் தமிழ்க் குடும்பத்துக்காரர்; பேச்சில் அந்த ஊர் உருதுவும் கலந்துவரும். ஆமையை ஒரு பேசினில் மிதக்கவிட்டுச் சற்று நேரம் பார்த்தார். எக்ஸ்ரே எடுத்தார். படத்தில் நுரையீரலின் ஒரு பக்கம் கறுப்பாகவும் மறுபக்கம் வெளுத்தும் இருந்தது.

“டான்ஸ் பண்ணுதுன்னு நெனச்சோம்” என்றேன்.

“எல்லாரும் அப்படித்தாம்மா நெனைப்பாங்க. நிமோனியா. ஒரு பக்கம் சளி கட்டியிருக்கு, அதான் சாயுது. எங்க வெச்சிருக்கீங்க, ஏசியிலயா?”

தலையாட்டினேன்.

“ஏசி நக்கோ, வேணாம். இதுக்குன்னு தனியா உடம்புச் சூடு கிடையாது. சுத்தி எவ்ளோ சூடோ அவ்ளோதான். குளிர்ல போட்டா நோயை எதிர்க்கத் தெம்பே இருக்காது.” பேசிக்கொண்டே முன்னங்காலில் ஊசியைப் போட்டார். பின்காலில் போட்டால் மருந்து உடம்புக்குச் சேராமல் சிறுநீரகம் வழியாகவே வெளியேறிவிடுமாம். “இப்போ தண்ணியும் நக்கோ. காஞ்ச டப்பாவுல வெச்சு, மேல சூடு தர்ற பல்பு போடுங்க. சாப்பிட மட்டும் வெதுவெதுன்னு கொஞ்சம் தண்ணி, நீங்க பக்கத்துலயே இருக்கணும்.”

“தண்ணியில வாழற ஜீவனைத் தண்ணியில விடக் கூடாதா?”

“விட்டா முங்கிச் செத்துடும்மா. கைக்கு என்னை முறைக்கிறீங்க?”

ஏன் முறைக்கிறேன் என்று கேட்டார்; நான் முறைத்தது அவரை அல்ல. பிழைக்குமா என்று கேட்டேன். “ரொம்ப முத்தவிட்டுட்டீங்க. விடாம ஊசிக்குக் கொண்டாங்க, பாக்கலாம்” என்றார். இவரும் ‘பாக்கலாம்’தான்.

திரும்பும்போது ஆட்டோவில் மகள், “சச்சிபோதுந்தாம்மா?” என்றாள். செத்துப்போகுமா என்று கேட்கிறாள். “தெரியலடி” என்றேன். அவள் டப்பாவை மடியில் இறுக்கிக்கொண்டாள்.

அன்று மாலை என் கணவர் எக்ஸ்ரேயை ஜன்னல் வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தார். பிறகு குழுவில் ஒரு வரி எழுதியிருந்தார்: ‘அது டான்ஸ் இல்லை, அதுக்கு மூச்சு விட முடியலை.’ அதற்கு யாரும் இதயம் போடவில்லை. அடுத்த ஊசியிலிருந்து நான் வாய் திறக்கும் முன்பே அவரே டப்பாவைத் தூக்கிக்கொண்டு கிளம்பினார்.

ஏசியை நிறுத்தியதில் அறை அடுப்பாக எரிந்தது. வியர்வை வழிய மடிக்கணினி முன்னால் உட்கார்ந்திருப்பேன். பக்கத்தில் பல்பு வெளிச்சத்தில், கழுத்தை உள்ளிழுத்துக்கொண்டு, காய்ந்த ஓட்டோடு ஆமை கிடக்கும். ஒரு மின்னஞ்சலை முழுதாகப் படிக்க முடியாது. எழுந்து போய்ப் பார்ப்பேன், வந்து உட்காருவேன், மறுபடி எழுவேன். விரலால் டப்பாவைத் தட்டினால் கண் மட்டும் திறந்து மூடும். தொந்தரவு செய்யாதீர்கள் என்று டாக்டர் சொல்லியிருந்தும் கை கேட்கவில்லை. கோபத்திலாவது ஒரு தடவை பிறாண்டித் தொலையேன் என்று கெஞ்சினேன். அந்த அறையின் அமைதி எனக்குப் பிடிக்கவேயில்லை.

ஒரு பிற்பகல் கூட்டத்தில், வேலை ஏன் தாமதமாகிறது என்று மேலாளருக்கு நான் விளக்கிக்கொண்டிருந்தபோது அந்தச் சத்தம் வந்தது. முதலில் ஒரே ஒரு கீறல். அப்புறம் வறட் வறட்டென்று நிற்காமல். திரும்பிப் பார்த்தேன். பின்னங்கால்களில் எம்பி நின்று, கழுத்தை முழுக்க வெளியே நீட்டி, தொட்டி இருந்த பக்கத்து டப்பாச் சுவரை இரண்டு கையாலும் கிழித்துக்கொண்டிருந்தது. ஊசி இன்னும் பாக்கி இருந்தது. அது பிழைத்துவிட்டது என்று யாரும் எனக்குச் சொல்லவில்லை. ஆனால் அதற்குக் கோபம் வந்துவிட்டது.

“யாரோ மைக்கை அணைக்கலை. எலி பிறாண்டற மாதிரி சத்தம்” என்றார் ஒருவர்.

“எலி இல்லைங்க, எங்க ஆமை” என்றேன். மைக்கை அணைக்கச் சொல்லி மேலாளர் இரண்டாம் முறை கேட்கும்வரை நான் அணைக்கவில்லை.