வலி மாத்திரை மேஸ்திரி

காளிமுத்துவை நல்லவன் என்று யாராவது சொன்னால் எனக்கு இன்றைக்கும் பற்றிக்கொண்டு வரும். நெல்லியாளம் பக்கம் எங்கள் தேயிலை எஸ்டேட்டில் கொழுந்து மேஸ்திரியாக இருந்தவன், செத்துப்போனான். பெண்கள் பறிக்கும் கொழுந்து எடை குறைந்தால் துரை முன்னால் கைகட்டி நிற்கவேண்டுமே என்று அவனுக்கு நடுக்கம். அதற்கு அவன் கண்ட வழி மாத்திரை. எந்தப் பெண்ணாவது இடுப்பைப் பிடித்துக்கொண்டு நிமிர்ந்தால் போதும், பூசாரி திருநீறு கொடுப்பதுபோல ஒரு வலி மாத்திரையை நீட்டுவான். காசு வாங்கமாட்டான். அதில் வந்ததுதான் அந்த நல்ல பெயர்.

தேயிலைக் காட்டில் கக்கூஸ் கிடையாது. ஒதுங்கப் போனால் இவன் முறைப்பான். அதற்குப் பயந்து பெண்கள் தண்ணீரே குடிக்கமாட்டார்கள். காய்ந்த உடம்பில் அந்த மாத்திரை இறங்கும். என் மனைவி வீரம்மா வருஷக்கணக்கில் விழுங்கினாள். கால் வீங்கிக் கோயமுத்தூருக்குக் கொண்டுபோனபோது, கிட்னி பாதி போய்விட்டது என்றார் டாக்டர்.

"மிச்சம் நிக்கணும்னா வலி மாத்திரையத் தொடக்கூடாது. தண்ணி குடிக்காமக் கெடக்கவும் கூடாது."

நான் கொழுந்து லாரி ஓட்டுகிறவன். லாரியைக் காட்டோரம் நிறுத்திவிட்டு அவனைப் பிடித்தேன்.

"இனி எம் பொண்டாட்டிக்கு மாத்திரை குடுத்தீங்கன்னா கைய ஒடிச்சுருவேனுங்க."

"ஏனுங்க டிரைவரே, வேலைக்கு வணங்காத உடம்புக்கு நூறு நோவு. நானுந்தான் முட்டிவலிக்குத் தெனம் போடறேன். கல்லாட்டம் இல்ல?" என்று நெஞ்சில் தட்டினான்.

கொழுந்து பறித்துக்கொண்டிருந்த ராக்கம்மா, "கல்லுக்கு ஒண்ணுக்கு முட்டாதுங்க மேஸ்திரி. எங்களுக்கு முட்டுதே!" என்றாள். காடே சிரித்தது. அவன் சிரிக்கவில்லை.

அன்றிலிருந்து வீரம்மா தண்ணீர் பாட்டிலோடு போனாள். முட்டியபோது ஒதுங்கினாள். அவள் பறித்த கொழுந்து எடை குறைந்தது, மிச்சக் கிட்னி நின்றது.

மேஸ்திரியின் கல்லுடம்புதான் நிற்கவில்லை. ரிட்டையர் ஆனதும் மகள் பாலாமணி வீட்டில் முகம் ஊதிக் கிடந்தான். அவனுக்கும் டாக்டர் அதையேதான் சொன்னார். இனி ஒரு மாத்திரை என்றாலும் ஆபத்தாம். பாலாமணி உள்ளூர்க் கடைக்காரர்களிடமெல்லாம் தரக்கூடாது என்று சொல்லிவைத்துவிட்டாள்.

"கெடையில கெடக்கறாரு, ஒருக்காப் பாத்துட்டு வாங்க" என்று வீரம்மாவே என்னைத் துரத்தினாள். போனேன்.

"இந்த ஊர்த் தண்ணி சேரலைங்க டிரைவரே" என்றான். மாத்திரையைப் பற்றி மூச்சில்லை. மகள் அடுப்படிக்குப் போனதும் கிட்டே வரச் சொன்னான். வீரம்மாவைப் பற்றி இப்போதாவது ஒரு வார்த்தை கேட்பான் என்று நினைத்துக் குனிந்தேன். அதன்பிறகு அந்த வீட்டுப்படியை நான் மிதிக்கவில்லை. அவன் என்னிடம் கடைசியாகக் கேட்டது இதுதான்:

"பந்தலூர் போறப்ப நம்ம மாத்திரை ஒரு அட்டை வாங்கியாந்து தாங்க. பாலாமணிக்குத் தெரிய வேண்டாம்."