மூச்சை மிச்சம் பிடித்த ஏணி

தீயணைப்பு நிலையத்தில் அவரை எல்லாரும் 'ஏணி' என்றுதான் கூப்பிடுவார்கள். ஆள் அவ்வளவு உயரம். எட்டு வருஷத்துக்கு முன்னால் ஒரு பெயின்ட் கிடங்கு மூன்று நாள் விடாமல் எரிந்தது. உள்ளே போன பதினோரு பேரில் இவரும் ஒருவர். அன்றைக்கு விழுங்கிய புகை நெஞ்சை என்ன பாடு படுத்தியிருக்கிறது என்று பார்க்க, வருஷம் தவறாமல் ஆஸ்பத்திரிக்குப் போய்க் குழாயில் ஊத வேண்டும்.

இந்த வருஷம் அது விளையாட்டு இல்லை. இனி நூற்றுக்கு எழுபது வந்தால்தான் தீயணைப்பு வண்டியில் ஏறலாம். வராவிட்டால் ஸ்டோர் ரூமில் உட்கார்ந்து ஹோஸ் சுருட்ட வேண்டியதுதான். போன தடவை வந்தது அறுபத்தொன்று. இரண்டு வாரமாக மனுஷன் சோற்றைப் பிசைந்து வைத்துக்கொண்டு சுவரையே பார்த்தார். அதனால் மனைவியும் கூடவே கிளம்பிவிட்டாள். வேண்டாம் என்றார். கேட்டால்தானே!

முதல் ஊதலில் அறுபது. இரண்டாவதில் ஐம்பத்தொன்பது. ஏணியின் முகம் நனைந்த சாம்பலாகிவிட்டது.

கருவிக்குப் பக்கத்தில் நின்ற பெண் வேலைக்குப் புதுசு. திரையையே உற்றுப் பார்த்தாள்.

"அண்ணா, நீங்க மூச்சை உள்ள இழுக்கவே மாட்டேங்கறீங்க. டீ சூடா இருக்கான்னு பாக்கற மாதிரி கொஞ்சூண்டு உறிஞ்சிட்டு நிறுத்திடறீங்க."

"அப்படித்தாம்மா இழுக்கணும். தீக்குள்ள போறப்ப முதுகுல மாட்டற சிலிண்டர்ல காத்து அளவாத்தான் இருக்கும். பெருசா இழுத்தா பாதி வழியில தீந்துடும்."

"இங்க சிலிண்டர் எங்கண்ணா இருக்கு?"

ஏணியின் கை தானாக முதுகைத் தடவிப் பார்த்தது. இருபத்திரண்டு வருஷப் பழக்கம். வாயருகே எதைக் கொண்டுவந்தாலும் புகைக்குள் நிற்பதாகவே நெஞ்சுக்கு நினைப்பு.

மனைவி தலையில் அடித்துக்கொண்டாள். "காத்துல கூடவா கஞ்சத்தனம்? ரிமோட்டைக் காணோம்னா மட்டும் நாலு தெருவுக்குக் கேக்கற மாதிரி கத்தறீங்களே, அதுக்கு மூச்சு எங்கேருந்து வருது? கண்ணை மூடுங்க. மேட்ச் முடிய ரெண்டே நிமிஷம். ரிமோட்டைக் காணோம்!"

ஏணி இழுத்தார் பாருங்கள் ஒரு இழுப்பு! சட்டைப் பட்டன் ஒன்று தெறித்து மேஜைக்கு அடியில் ஓடியது. கன்னம் உப்ப, கண் பிதுங்க, கடைசிச் சொட்டு வரைக்கும் ஊதித் தள்ளினார்.

"எழுபத்து நாலு!" அந்தப் பெண்ணே கைதட்டிவிட்டாள். "பழைய சேதம் இருக்குண்ணா, அது போகாது. வருஷாவருஷம் வந்துடணும். ஆனா வண்டியில தாராளமா ஏறலாம்."

ஏணி சிரித்தார். கிடங்கு எரிந்த நாளிலிருந்து உதட்டோடு சிரித்த மனுஷன், இன்றைக்கு அறை அதிரச் சிரித்தார். சத்தம் கேட்டு, அவர்களைக் கூட்டிவந்து வெளியே காத்திருந்த நிலையத்து வண்டி டிரைவர் பதறிக்கொண்டு ஓடிவந்தார்.

"என்னடா ஏணி, ஊத்திக்கிச்சா?"

மேஜைக்கு அடியிலிருந்து எழுந்த மனைவி உள்ளங்கையை விரித்துக் காட்டினாள்.

"போனது இந்தப் பட்டன் ஒண்ணுதாண்ணா."