கூட்டி வந்தவருக்கு ஒரு நாற்காலி

இன்றைக்கு நினைத்தாலும் எனக்குப் பற்றிக்கொண்டு வருகிறது.

எச்.ஐ.வி.க்கான கூட்டு மருந்தை அரசாங்கம் இலவசமாகக் கொடுக்கத் தொடங்கியிருந்த காலம் அது. இலவசம்தான், ஆனால் கோயமுத்தூர் பெரியாஸ்பத்திரிக்குப் போனால்தான் கிடைக்கும். அதுவும் வேலைநாள் காலையில் போய் வரிசையில் நிற்க வேண்டும். பனியன் கம்பெனியில் ஒரு நாள் லீவு போட்டால் எதற்கு என்று கேட்பார்கள். மாதாமாதம் போட்டால் கேட்கவே மாட்டார்கள், வேறு ஆளைப் போட்டுவிடுவார்கள். அதனால் காய்ச்சல், இருமல், மாத்திரையால் வரும் வாந்தி, அரிப்பு இதையெல்லாம் பக்கத்துத் தெரு டாக்டரே பார்த்துக்கொள்ளட்டும், அதற்கு அவர்களைப் பழக்குவோம் என்று ஒரு தொண்டு நிறுவனம் கிளம்பியது. திருப்பூர் ராயபுரத்தில் கிளினிக் வைத்திருந்த நான் முன்பே சென்னைக்குப் போய் அதைப் படித்து வந்திருந்தேன். பாடம் நடத்தும் வேலை என் தலையில் விழுந்தது.

ஓட்டல் ஹாலில் வகுப்பு. மதியம் பிரியாணி. டாக்டர்கள் வந்தார்கள், குறிப்பெடுத்தார்கள், சந்தேகம் கேட்டார்கள், சான்றிதழ் வாங்கினார்கள். வாங்கியதை ஒருத்தராவது சுவரில் மாட்டினாரா? பீரோவுக்குள் வைத்துப் பூட்டினார்கள். மாட்டினால் 'எய்ட்ஸ் டாக்டர்' என்று பேர் வந்துவிடுமாம்! மற்ற நோயாளிகள் வரமாட்டார்களாம்! அப்புறம் எந்த எழவுக்கு அந்தப் பிரியாணியைத் தின்றார்கள்?

ஒரே ஒருவர் விதிவிலக்கு. பெருமாநல்லூரில் கிளினிக் வைத்திருந்த டாக்டர். தலை நரைத்தவர், நல்ல மனுசன், எறும்பிடம்கூட 'வாங்க போங்க' என்று பேசுவார். வகுப்பு முடிந்து கொஞ்ச நாளில் அவரிடமிருந்து போன் வந்தது.

"டாக்டரம்மா, உங்க ட்ரெய்னிங் நல்லா உதவுச்சுங்க. பனியன் கம்பெனி செக்கிங்ல வேல பாக்கற ஒரு புள்ளைங்க, ரொம்ப நாளாக் காய்ச்சல். டெஸ்ட் பண்ணச் சொல்லிக் கேட்டு, சம்மதம் வாங்கி, பண்ணுனேன். பாசிட்டிவ்ங்க. நீங்க சொல்லித் தந்த மாதிரியே பொறுமையா எடுத்துச் சொன்னேன். அழுவக்கூட இல்லீங்க. நாளைக்கு உங்களப் பாக்கச் சொல்லியிருக்கறேன்."

எனக்கு அவ்வளவு சந்தோசம். ஒருவராவது தேறினாரே என்று அன்றைக்கு வீட்டில் எல்லோரிடமும் சொல்லிக்கொண்டேன்.

மறுநாள் அந்தப் பெண் வந்தாள். கோவில்பட்டிப் பக்கத்துக்காரி. புருசன் செத்த பிறகு, பள்ளிக்கூடம் போகிற மகளோடு இங்கே பிழைக்க வந்தவள். உட்காரச் சொன்னேன், உட்காரவில்லை.

"அந்த டாக்டர் நல்லாத்தான் சொன்னாக, டாக்டரம்மா. பயப்படாத, மருந்து இருக்கு, ரொம்ப வருசம் இருக்கலாம்னாக. சூப்பர்வைசர் அண்ணனும் பக்கத்துல உக்காந்து கேட்டுக்கிட்டு இருந்தாக. இன்னைக்குக் காலைல கம்பெனிக்குப் போனா, ஆர்டர் கொறவா இருக்கு, சொல்லி அனுப்புறோம்னுட்டாக."

எனக்கு ஒரு நிமிடம் விளங்கவே இல்லை. சூப்பர்வைசர் உட்கார்ந்து கேட்டுக்கொண்டிருந்தானா? எங்கே? ஏன்?

எங்கள் ஊர் வழக்கத்தைச் சொல்லியாக வேண்டும். இங்கே தொழிலாளி டாக்டரிடம் தனியாக வருவது அபூர்வம். சூப்பர்வைசரோ காண்டிராக்டரோ பைக்கில் ஏற்றிக்கொண்டு வருவார். டாக்டருடைய மேஜைக்குப் பக்கத்தில் அவருக்கென்று கை வைத்த நாற்காலி ஒன்று கிடக்கும். நோயாளிக்கு ஸ்டூல். டாக்டர் அந்த நாற்காலியைப் பார்த்துத்தான் "என்னங்க பண்ணுது?" என்று கேட்பார். நாற்காலிதான் "நேத்திலிருந்து வயித்து வலிங்க" என்று பதில் சொல்லும். மருந்துச் சீட்டும் அந்தக் கைக்குத்தான் போகும். வலிக்கிற வயிறு ஸ்டூலில் வாயை மூடிக்கொண்டு உட்கார்ந்திருக்கும்.

எங்கோ இருந்து வந்த பயிற்சிப் புத்தகத்தில் இந்த நாற்காலி இல்லை. அதில் போட்டிருந்த படத்தில் ஒரு டாக்டர், ஒரு நோயாளி, சாத்திய கதவு, அவ்வளவுதான். அதை எழுதிய மகாராசன் ஒரு ஞாயிற்றுக்கிழமைகூடத் திருப்பூர் கிளினிக் எதிலும் உட்கார்ந்து பார்த்திருக்கமாட்டான்.

அந்தப் பெண்ணுக்கு ரத்தம் எடுத்தேன். இங்கேயே பார்த்துக்கொள்ளலாம், ஞாயிற்றுக்கிழமை வந்தால் போதும், கோயமுத்தூர் மருந்துக்கும் வழி செய்கிறேன் என்றெல்லாம் சொன்னேன். தலையை ஆட்டினாள். அவள் போனதும் ஸ்கூட்டியை எடுத்துக்கொண்டு நேராகப் பெருமாநல்லூருக்குப் போனேன்.

"ஏனுங்க, நீங்க சொன்னபடிதானுங்க பண்ணுனேன்?" என்றார் டாக்டர். அவர் முகத்தில் நிஜமாகவே குழப்பம். "கதவச் சாத்துனேன். கம்பவுண்டர வெளிய அனுப்புனேன். நர்சக்கூட உள்ள விடலீங்க. சத்தமில்லாமப் பேசுனேன்."

"அந்த சூப்பர்வைசர்?"

"அவரு கூட்டிட்டு வந்தவருங்க."

"அதனால?"

"கூட்டிட்டு வந்தவர எப்படீங்க வெளிய போகச் சொல்றது? மரியாதையா இருக்குங்களா?"

மரியாதை! அந்தச் சொல்லைக் கேட்டதும் எனக்கு உச்சந்தலைக்கு ஏறிவிட்டது. "அவளுக்கு மரியாத இல்லீங்களா? அவ பொழப்புல மண்ண அள்ளிப் போட்டுட்டு உங்க மரியாதையக் காப்பாத்திட்டீங்க!" என்று கத்தினேன். வெளியே காத்திருந்தவர்கள் எட்டிப் பார்த்தார்கள். அவர் எழுந்து நின்று, எனக்கு ஒரு டம்ளர் தண்ணீரை நீட்டினார். அதை வாங்கிக் குடித்துவிட்டு மறுபடியும் திட்டினேன்.

அந்த ஞாயிற்றுக்கிழமை அவள் வரவில்லை. அவள் இருந்த லைன் வீட்டுக்குத் தேடிப் போனேன். வீட்டுக்காரம்மாள் காலி பண்ணச் சொல்லிவிட்டாளாம். செய்தி கம்பெனியிலிருந்து அவளுக்கு முன்னாலேயே வீடு வந்து சேர்ந்துவிட்டது. தாயும் மகளும் எந்தப் பக்கம் போனார்கள் என்று யாருக்கும் தெரியவில்லை. மருந்து இருந்தது, கொடுக்க ஆள் இருந்தது, அவள் இங்கேயே வாழ்ந்திருக்கலாம். ஒரு நாற்காலி அவளை ஊரைவிட்டே துரத்திவிட்டது.

அடுத்த வகுப்பில் புத்தகத்தைத் திறக்கவே இல்லை. மேடையில் மூன்று இருக்கைகளைப் போட்டு, ஒவ்வொரு டாக்டரையும் கூப்பிட்டு, கூட்டி வந்தவரை வெளியே அனுப்பிக் காட்டச் சொன்னேன். முடியவில்லையே! "வந்துங்க... தப்பா நெனச்சுக்காதீங்க..." என்று இழுத்தார் ஒருவர். "ஒரு டீ கீ குடிச்சுட்டு வர்றீங்களாங்க?" என்று குழைந்தார் இன்னொருவர். கட்டைக் குரலில் அதட்டியே ஊசி போடுகிற ஒருத்தர், "கம்பெனிக்காரங்க கோவிச்சுட்டா நாளைக்கு ஒரு ஆள் வரமாட்டானுங்க, நம்மூரு வேறீங்க" என்று எனக்கே பாடம் எடுத்தார். பெருமாநல்லூர் டாக்டர் மேடைக்கு வந்து வாயைத் திறந்தார், மூடினார், கண் கலங்கி இறங்கிப் போய் உட்கார்ந்துகொண்டார். எனக்கு அவர்மேல் இரக்கம் வரவில்லை.

பல மாதம் கழித்து ஒரு நாள் காலையில், அவிநாசிபாளையத்துப் பக்கத்துக் கம்பெனி சூப்பர்வைசர் ஒருவர் ஒரு பெண்ணை என்னிடம் கூட்டிக்கொண்டு வந்தார். அவள்தான். பாதியாக இளைத்திருந்தாள். முந்தானையைச் சுருட்டி வாயில் அழுத்தியிருந்தாள். என்னைப் பார்த்த பார்வையில் முன்பின் தெரிந்த அடையாளமே இல்லை. நானும் காட்டிக்கொள்ளவில்லை.

"மயக்கம் போட்டு விழுந்துட்டாளுங்க," என்றார் அவர். "அங்கயே டாக்டர் இருக்கறாரு, ஆனா ராயபுரத்து டாக்டரம்மாகிட்டத்தான் போவேன்னு ஒரே அடமுங்க."

"சரிங்க. நீங்க வெளிய இருங்க."

"பரவால்லீங்க, நான் இப்படி நின்னுக்கறேன்."

"நிக்கறதுக்கு எடமில்லேன்னு சொல்லலீங்க. வெளிய போங்கன்னு சொன்னேன்."

"நான்தானுங்க கூட்டிட்டு வந்தேன்?"

"கூட்டிட்டு வந்தீங்க, சந்தோசம். போங்க!"

போனார். கதவைச் சாத்திவிட்டு வந்து, "சொல்லு கண்ணு" என்றேன். அவள் வாயிலிருந்து துணியை எடுக்கவில்லை. கண்ணால் கதவைக் காட்டினாள். போய்த் திறந்தேன். அந்த ஆள் காதைக் கதவில் வைத்துக்கொண்டு நிற்கிறார்! "செருப்பத் தேடுனேனுங்க" என்றார் கூசாமல். வந்த கோபத்தில் அவரை எதிரே இருந்த பேக்கரிக்கு விரட்டி, ரோட்டைத் தாண்டும்வரை வாசலிலேயே நின்று பார்த்துவிட்டு வந்தேன்.

"போயாச்சு" என்றேன்.

கொஞ்ச நேரம் காது கொடுத்துக் கேட்டாள். பிறகு துணியை எடுத்துவிட்டு இருமத் தொடங்கினாள். அவிநாசிபாளையத்திலிருந்து அந்த ஆளுடைய பைக்கின் பின்னால் உட்கார்ந்து அடக்கிக்கொண்டே வந்த இருமல். மேஜையை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டு, கண்ணில் நீர் வழிய இருமினாள்.

"கம்பெனில இருமுறதே இல்ல, டாக்டரம்மா," என்றாள் நடுவில் மூச்சு வாங்கிக்கொண்டு. "பாத்ரூமுக்குப் போயி, பைப்பத் தெறந்துவிட்டுட்டுத்தான் இருமுவேன். இங்கயும் தெரிஞ்சுபோச்சுன்னா புள்ளையக் கூட்டிட்டு இனி எங்க போவேன்?"

சளி எடுப்பதற்கான டப்பாவைக் கையில் எடுத்துக்கொண்டு அவள் பக்கத்தில் போய் நின்றேன்.

"இருமு கண்ணு," என்றேன். "நல்லாச் சத்தமா இருமு."